துபாயில் பழைய கார்: விலை குறைவான கொரோலா, பாக்கி இருக்கும் லோன், எதை முதலில் பார்ப்பது?

பர்துபாய்_புதுசு

வணக்கம் மக்களே. துபாய் விசா, எமிரேட்ஸ் ஐடி, இங்கத்த லைசென்ஸ் மூணும் கையில இருக்கு. பட்ஜெட் 30,000 திர்ஹம். பார்த்து வச்சிருக்கிறது 2018 டொயோட்டா கொரோலா, 1.8 இன்ஜின், வெள்ளை, மீட்டர்ல 1,12,000 கி.மீ. அதே வருஷத்து மத்த கொரோலாக்களைவிட ஏழெட்டாயிரம் குறைவா கேட்குறாங்க. விளம்பரத்துல "பாஸிங் கேரண்டி, ஆக்ஸிடென்ட் ஃப்ரீ"ன்னு போட்டிருக்கு (பாஸிங்னா பதிவுக்கு முன்னாடி வண்டிக்குச் செய்ற சோதனை). முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) ஷார்ஜாவோடது. பேங்க் லோன் கொஞ்சம் பாக்கியாம். முழுப் பணத்தையும் கொடுத்தா லோனை அடைச்சுட்டு பேர் மாத்தித் தர்றேங்கிறார். இப்போதைக்கு 2,000 அட்வான்ஸ் வேணுமாம். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

அல்கூஸ்_ஸ்பேனர்

அட்வான்ஸ் கொடுக்காதீங்க. முதல்ல சேஸி நம்பரை வாங்குங்க. அதைக் கொடுக்கத் தயங்கினா பேச்சை அங்கேயே முடிச்சுக்கலாம்.

நீங்க எழுதினதிலேயே ஒரு விஷயம் உறுத்துது: 2018 கொரோலா, 1.8. அந்த மாடல் வளைகுடாவுக்கு 1.6-லும் 2.0-லும்தான் வந்துச்சு. 1.8 அமெரிக்கா, கனடா பக்கத்து வண்டி. ஏழெட்டாயிரம் ஏன் குறையுதுன்னு இப்பவே பாதி தெரிஞ்சிருக்கும்.

சேஸி நம்பர் 17 இலக்கம். முதல் இலக்கம் 1, 4, 5 என்றால் அமெரிக்காவில் செஞ்சது. 2 என்றால் கனடா. ஜே என்றால் ஜப்பான். அந்த வருஷத்து அமெரிக்கன் கொரோலா பெரும்பாலும் 5ஒய்எஃப் அல்லது 2டி1 என்று தொடங்கும். பத்தாவது எழுத்து மாடல் வருஷம்: எச் 2017, ஜே 2018, கே 2019, எல் 2020. விளம்பரத்துல 2018-னு போட்டு பத்தாவது எழுத்து எச்-சா இருந்தா, முதல் பொய் அங்கேயே மாட்டிக்கும்.

சத்வாக்காரன்

ஒரு திருத்தம். முதல் இலக்கம் 1, 5 என்பதாலேயே அமெரிக்கன் ஸ்பெக் என்று முடிவு கட்டக்கூடாது. ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர், ஷெவர்லே டாஹோ மாதிரி வண்டிகள் அமெரிக்காவில் தயாராகி, முறைப்படி ஜிசிசி ஸ்பெக்காகவே (வளைகுடா நாடுகளுக்கென்று செய்த வகை) கம்பெனியின் அதிகாரபூர்வ ஏஜென்சி வழியாக இங்கே விற்கப்படுகின்றன. எங்கே செய்தார்கள் என்பது வேறு, எந்தச் சந்தைக்குச் செய்தார்கள் என்பது வேறு.

சந்தையைக் கண்டுபிடிக்க டிரைவர் கதவைத் திறந்து நடுத்தூணில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது என்ற வாசகம் இருந்தால் அது அமெரிக்க வண்டி. ஸ்டிக்கரையே பிய்த்திருந்தால் இன்னும் மோசம். பிறகு ஸ்பீடோமீட்டர்: பெரிய எழுத்தில் மைல், உள்வட்டத்தில் சின்னதாகக் கிலோமீட்டர். முன் பம்பர் ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பிரதிபலிப்பான். ரேடியோ 0.2 படியாகத் தாவி 92.1, 92.3 என்று ஒற்றைப்படையில் மட்டுமே போகும். மீட்டர் பலகையை மாற்றியவர்கள்கூட ரேடியோவை மறந்துவிடுவார்கள்.

அல்கூஸ்_ஸ்பேனர்

சரியாச் சொன்னீங்க, அதை நான் சேர்த்திருக்கணும்.

மீட்டர் மாத்தியிருந்தா கிலோமீட்டர் கணக்கும் போச்சு. மைல்ல 1,12,000 ஓடின வண்டி கிலோமீட்டர்ல 1,80,000. புது மீட்டர்ல அதே 1,12,000-ஐ வச்சு விக்கிறவங்களும் உண்டு.

நெல்லை_டு_தேரா

அமெரிக்கன் ஸ்பெக்னாலே எல்லாரும் பயமுறுத்துறீங்க. நல்ல வண்டியும் இருக்குய்யா. அங்க அடிபடாத வண்டி, ஒழுங்கான பேப்பரோட வந்தது, விலையும் குறைவு. ஓட்டுறதுக்கு என்ன குறைச்சல்?

அல்கூஸ்_ஸ்பேனர்

> நல்ல வண்டியும் இருக்குய்யா

இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்கண்ணே. அங்க நல்ல நிலையில் இருக்கிற கொரோலாவை அங்கேயே நல்ல விலைக்கு வித்துடலாம். அதைக் கப்பல்ல ஏத்தி, சுங்கம் கட்டி, இங்க வந்து குறைஞ்ச விலைக்கு வித்தும் லாபம் வருதுன்னா, வாங்கின இடத்துல அடிமாட்டு விலைக்கு எடுத்திருக்கணும். அந்த விலைக்கு அங்க கிடைக்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி "முழு நட்டம்"னு எழுதிக் கழிச்சு, ஏலத்துக்கு விட்ட வண்டி. முன்னாடி இடிச்சது, பின்னாடி இடிச்சது, புயல்ல முங்கினது. அதை இங்க ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடிச்சு நிறுத்துறாங்க.

கண்டுபிடிக்க வழி: சேஸி நம்பரை வச்சு கார்ஃபேக்ஸ் அறிக்கை (அமெரிக்க வண்டியோட பழைய வரலாறு) எடுங்க. சால்வேஜ் (கழிச்சது), ரீபில்ட் (ஒட்டுப்போட்டது), ஃப்ளட் (முங்கினது) என்று எதாவது முத்திரை இருக்கான்னு பாருங்க. அப்புறம் அதே நம்பரை கூகுள்ல போடுங்க. கோபார்ட், ஐஏஏ ஏலத்துல போயிருந்தா இடிபட்ட படத்தோட பழைய பக்கம் வரும். காசு கொடுத்து அந்தப் படங்களை நீக்க வைக்கிறதும் நடக்குது, அதனால எதுவும் வரலைன்னா நிம்மதி அடைஞ்சுடாதீங்க.

எனக்கு இதுல பெரிய கவலை ஏர்பேக். வெடிச்ச ஏர்பேக்கை மாத்தச் செலவு அதிகம்னு, அந்த இடத்துல ஒரு ரெசிஸ்டரைச் சொருகி கம்ப்யூட்டரை ஏமாத்திடுவாங்க. லைட் எரியாது, உள்ளே பையும் இருக்காது. சாவியை ஆன் பண்ணினதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா பல்பைக் கழட்டியிருக்காங்க, இல்லைன்னா மீட்டர்ல கை வச்சிருக்காங்க. எரிஞ்சு அணைஞ்சாலும் முழுசா நம்ப முடியாது, ரெசிஸ்டர் அதுக்குத்தான். டேஷ்போர்டோட பயணி பக்கத்து மேல்தோல் நிறம், சொரசொரப்பு மத்த இடத்தோட ஒத்துப்போகுதான்னு வெயில்ல வச்சுப் பாருங்க. ஸ்டியரிங் நடு மூடி மட்டும் புதுசா மினுங்குதான்னு பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில இருக்கிற தயாரிப்புத் தேதிச் சீட்டைப் படிங்க. வண்டி 2018, பெல்ட் 2021-னா நடுவுல ஒரு கதை இருக்கு.

பிரீமியம்_புலி

நெல்லை அண்ணனுக்கு இன்னொரு பக்கமும் சொல்கிறேன். அடிபடாத அமெரிக்கன் வண்டியாகவே இருந்தாலும் இன்சூரன்ஸில் இடிக்கும். பல கம்பெனிகள் ஜிசிசி அல்லாத வண்டிக்கு காம்ப்ரிஹென்சிவ் (உங்கள் வண்டிக்கும் சேர்த்த முழுக் காப்பீடு) தரவே தராது. தருகிறவர்களும் வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடுவார்கள், பிரீமியத்தைக் கூட்டிச் சொல்வார்கள். ஆகவே கடைசியில் தேர்ட் பார்ட்டியில் போய் நிற்பீர்கள். அது நீங்கள் இடித்த எதிராளிக்குத்தான். உங்கள் வண்டி திருடு போனாலோ, எரிந்தாலோ, தண்ணீரில் நின்றாலோ ஒரு திர்ஹம் வராது.

விலை பேசுவதற்கு முன்பே சேஸி நம்பரையும் முல்கியா படத்தையும் இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பிக் கொட்டேஷன் கேளுங்கள். இலவசம்தான். "இந்த வண்டிக்கு முடியாது" என்று பதில் வந்தால் அதுவே ஒரு ஆய்வறிக்கை. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகாதவர்களுக்கும் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் விபத்தின்போது கையிலிருந்து கட்டவேண்டிய தொகை கூடுதலாக இருக்கும். அதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை

லோன் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தை விட இதில்தான் ஆபத்து அதிகம்.

லோன் உள்ள வண்டியின் மீது பேங்க் அடமானம் போட்டிருக்கும். முல்கியாவிலேயே பேங்க் பெயர் இருக்கும். அந்த அடமானம் நீங்கும்வரை யாராலும் பெயர் மாற்ற முடியாது. உங்களுக்குப் பணம் கைவிட்டுப் போகும் நேரத்துக்கும் வண்டி உங்கள் பெயருக்கு வரும் நேரத்துக்கும் நடுவில் சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் விற்பவர் அந்தப் பணத்தை வேறு கடனுக்குக் கட்டலாம், ஊருக்கே கிளம்பலாம்.

செய்யவேண்டிய முறை: விற்பவர் தன் பேங்கிலிருந்து லயபிலிட்டி லெட்டர் வாங்கவேண்டும். இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று அதில் இருக்கும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் சேர்ந்து. இருவரும் அந்தப் பேங்க் கிளைக்கே போங்கள். பாக்கித் தொகையை மட்டும், விற்பவரின் லோன் கணக்குக்கே நேராக, உங்கள் பெயரில் ரசீதோடு கட்டுங்கள். அவர் கையில் கொடுக்காதீர்கள். அதற்கு முன் ஒரு தாளில் இருவர் எமிரேட்ஸ் ஐடி நம்பர், சேஸி நம்பர், மொத்த விலை, இன்று கட்டிய தொகை, மீதி எப்போது, பெயர் மாறாவிட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவது எல்லாம் எழுதிக் கையெழுத்து. பேங்க் கிளியரன்ஸ் கொடுத்து அடமானத்தை நீக்கியதும், மீதிப் பணம் பெயர் மாற்றும் கவுண்டரில்.

பாக்கி ஐயாயிரம் பத்தாயிரம் என்றால், அவரையே கட்டி முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அது எல்லாவற்றையும் விட நல்லது.

பர்துபாய்_புதுசு

நானும் லோன் போடலாமா? கையில 15,000 தான் இருக்கு.

கணக்குப்பிள்ளை

போடலாம். ஆனால் இந்த வண்டிக்குக் கிடைப்பது கஷ்டம். பேங்குகள் ஜிசிசி ஸ்பெக்கையும், குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட வண்டியையும்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். சென்ட்ரல் பேங்க் விதிப்படி வண்டி மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது, தவணை 60 மாதத்தைத் தாண்டக்கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

விளம்பரத்தில் சொல்லும் வட்டி ஃப்ளாட் வட்டி என்பதைக் கவனியுங்கள். 20,000 கடன், 3.5 சதவீதம் ஃப்ளாட், நான்கு வருஷம் என்றால் வட்டி 2,800. மொத்தம் 22,800-ஐ 48-ஆல் வகுத்தால் மாதம் 475. கடன் குறையக் குறைய வட்டி குறையாது, ஆகவே உண்மையான வட்டி ஆறரை சதவீதத்துக்கு மேலே போகும். இரண்டு பேங்கை ஒப்பிடும்போது குறையும் நிலுவைக்கான வட்டியைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

ரோலா_ரவுண்டானா

நான் ஷார்ஜா. முல்கியா ஷார்ஜா, வாங்குறவர் துபாய் விசா என்பதை யாரும் கண்டுக்கலையே. ஒரே எமிரேட்னா ஒரே கவுண்டர்ல வேலை முடியும். இதுல ரெண்டு கட்டம். ஷார்ஜால ஃபைன் எல்லாம் அடைச்சு, நம்பர் பிளேட்டை ஒப்படைச்சு, வேற எமிரேட்டுக்கு மாத்துறதுக்கான சான்றிதழ் வாங்கணும். அப்புறம் துபாய்ல பாஸிங் போட்டு, புது பிளேட், புது முல்கியா. செலவும் கூடும், அரை நாள் ஒரு நாள் போகும். யார் செலவுன்னு முன்கூட்டியே பேசிடுங்க.

ஃபைனை உள்துறை அமைச்சகத்தோட ஆப்ல பிளேட் நம்பர் போட்டுப் பார்க்கலாம், எல்லா எமிரேட்டும் வரும். அதுல வராததும் சிலது தனியா இருக்கும்: முனிசிபாலிட்டி பார்க்கிங் ஃபைன், துபாய் சாலிக், அபுதாபி தர்ப் (ரெண்டும் ரோட்டுச் சுங்கக் கட்டணம்). மொத்தத்தையும் விற்கிறவர் அடைச்சபிறகுதான் பணம்.

யாழ்_அஜ்மான்

தம்பி, சிலர் "பேர் பிறகு மாத்தலாம், இப்ப வாகனத்தைக் கொண்டு போங்கோ" எண்டு சொல்லுவினம். அதுக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லிப் போடாதேங்கோ. பேர் மாறாத வாகனத்தில நீங்கள் ஆரையும் இடிச்சால் காப்புறுதி ஆற்ற பேரில, பொலிஸ் ஆரைத் தேடும், எல்லாம் சிக்கல். விக்கிற ஆளுக்கும் அதே தலையிடி, உங்களால வாற தண்டம் எல்லாம் அவருக்குப் போகும்.

விக்கிற ஆள் நாட்டை விட்டுப் போயிட்டார், கூட்டாளி விக்கிறார் எண்டால் பவர் ஒஃப் அற்றோனி கேளுங்கோ. வெளிநாட்டில எழுதினது எண்டால் அங்கத்த யூஏஇ தூதரகத்திலயும் இஞ்ச வெளிவிவகார அமைச்சிலயும் உறுதிப்படுத்தியிருக்க வேணும். வாட்ஸப்பில வந்த கடிதம் சரி வராது. விசா ரத்தாகப் போற ஆளிட்ட வாங்கினால், ரத்தாகிறதுக்கு முன்னம் பேர் மாத்தி முடியுங்கோ.

நெல்லை_டு_தேரா

சரி, அமெரிக்கன் வேண்டாம்னே வச்சுக்குவோம். ஜிசிசி வண்டி மட்டும் யோக்கியமா? 2024 ஏப்ரல் 16 மழையில முங்கினது எல்லாம் ஜிசிசிதானே?

அல்கூஸ்_ஸ்பேனர்

இந்தக் கேள்வி நூத்துக்கு நூறு சரி. அன்னைக்கு அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில 24 மணி நேரத்துக்குள்ள 254 மி.மீ. பெஞ்சுச்சு. துபாய், ஷார்ஜாவுல பேஸ்மென்ட் பார்க்கிங்லயே நின்னு முங்கின வண்டிகள் எத்தனையோ. அதுல கொஞ்சம் கழுவித் துடைச்சு இன்னும் சந்தையில சுத்துது.

முங்கின வண்டி முதல் மாசம் ஜோரா ஓடும். ஒயரிங் கனெக்டருக்குள்ள பச்சை பூத்து, ஆறு மாசம் கழிச்சுத்தான் ஒண்ணொண்ணா தொல்லை தரும்: இன்னைக்குக் கண்ணாடி இறங்காது, நாளைக்கு ஏபிஎஸ் விளக்கு, மறுவாரம் நடுரோட்டுல நிக்கும். ஒரு கோளாறைச் சரிபண்ணினா அடுத்தது கிளம்பும், ஏன்னா கெட்டது பாகம் இல்லை, மொத்த ஒயரிங்.

எங்க பார்க்கணும்னா, துடைக்கச் சிரமமான இடத்துல. முன்சீட்டை முழுசா பின்னாடி தள்ளிட்டு, சீட் தண்டவாளத்தையும் அதோட போல்ட்டையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்ம ஊர் அளவு மழை பெய்யாத இந்த நாட்டுல அங்க துரு வரவே கூடாது. சீட் பெல்ட்டை முழுசா இழுத்து அடிப்பகுதியில சேத்துக்கோடு இருக்கான்னு பாருங்க, யாரும் அதுவரைக்கும் கழுவுறதில்லை. ஸ்டெப்னி குழியில மெல்லிய வண்டல். டேஷ்போர்டுக்குக் கீழ ஃபியூஸ் பெட்டி, ஓபிடி சாக்கெட்டுக்கு (கோளாறைப் படிக்கிற கருவியைச் சொருகுற இடம்) பக்கத்து ஒயர்கட்டை விரலால தடவிப் பாருங்க, மாவு மாதிரி ஒட்டினா அது வெறும் தூசி இல்லை. வண்டிக்குள்ள வாசனைத் திரவியம் தூக்கலா இருந்தா ஏசியை ரீசர்குலேஷன்ல போட்டு அஞ்சு நிமிஷம் கண்ணாடியை மூடிட்டு உட்காருங்க, ஈர நாத்தம் தானா வெளிய வரும்.

எமிரேட்ஸ் வெஹிக்கிள் கேட் தளத்துல சேஸி நம்பர் போட்டா போலீஸ் பதிவான விபத்து வரும். வெள்ளத்துக்கு ரிப்போர்ட் எடுக்காதவங்க வண்டி அதுல வராது. கிளைமே இல்லாம முங்கின தேர்ட் பார்ட்டி வண்டிதான் கழுவி விக்கப்படுது, அதனால அந்தத் தளம் காலியா இருக்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

சத்வாக்காரன்

பெயின்ட் அளவுமானியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் தப்பாகப் படிக்கிறார்கள். கம்பெனி பெயின்ட் தோராயமாக 80-இலிருந்து 150 மைக்ரான். 200, 250 என்றால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்த ஊர் மணல்காற்றிலும் பார்க்கிங் உரசலிலும் ஒரு கதவோ பம்பரோ மறுபெயின்ட் ஆவது சகஜம், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். 500, 800 என்று ஏறினால் உள்ளே பட்டி. அது கதவில் இருந்தால் விலையைக் குறைக்கலாம். கூரையிலோ, தூணிலோ, முன்பக்க சேஸி கை மேலோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் அந்தக் கருவி வேலை செய்யாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறந்து ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள்.

பர்துபாய்_புதுசு

பாஸிங் பாஸ் ஆனா போதும்னு விற்கிறவர் சொல்றாரே. தஸ்ஜீல் சோதனை மையத்துல அவங்களே எல்லாம் பார்த்துடுவாங்களாம்.

அல்கூஸ்_ஸ்பேனர்

பாஸிங் பார்க்கிறது ரோட்டுல மத்தவங்களுக்கு ஆபத்து இல்லாம ஓடுமான்னு. பிரேக், விளக்கு, டயர், சஸ்பென்ஷன் ஆட்டம், புகை, சேஸி நம்பர், கண்ணாடி டின்ட் 50 சதவீதத்தைத் தாண்டியிருக்கான்னு பார்ப்பாங்க. கியர்பாக்ஸ் நாளைக்கு நிக்குமா, ஹெட் கேஸ்கெட் கசியுதா, ஏசி குளிருதா, அதெல்லாம் அவங்க வேலை இல்லை. அதே தஸ்ஜீல், வாஸல் மாதிரி இடங்கள்ல காசு கட்டி எடுக்கிற முழு ஆய்வு தனி. அதுக்குச் சில நூறு திர்ஹம் ஆகும். வண்டி விலையில அது ஒண்ணுமே இல்லை. விற்கிறவர் சொல்ற கராஜ் வேண்டாம், இடத்தை நீங்க சொல்லுங்க.

ஆய்வுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே பார்க்க வேண்டியது:

காலையில போங்க, ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு முன்கூட்டியே சொல்லுங்க. பானெட் மேல கையை வைங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் கூலன்ட் மூடியைத் திறங்க. நல்ல கூலன்ட் தெளிவான இளஞ்சிவப்பு அல்லது பச்சை. இங்க பல பேர் குழாய்த் தண்ணியை ஊத்தியே ஓட்டுவாங்க, தேத்தண்ணி நிறத்துல இருந்தா ரேடியேட்டர் உள்ளே அரிச்சிருக்கு. ஆயில் மூடிக்கு அடியில பால்கோவா மாதிரி படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. அந்த வருஷத்து 1.8 கொரோலாவுல வாட்டர் பம்ப் கசியறது தெரிஞ்ச வியாதி, பெல்ட் பக்கம் இளஞ்சிவப்புப் பொருக்கு கட்டியிருக்கான்னு பாருங்க.

ஏசியை மதியம் பாருங்க, சாயங்காலம் இல்லை. நின்ன வண்டியில குளிர் குறைஞ்சு, ஓட ஆரம்பிச்சதும் கூடினா கண்டென்சர் ஃபேன் ஒழுங்கா சுத்தலை, இல்லைன்னா கேஸ் குறைவு. நின்னாலும் ஓடினாலும் காத்து மட்டும் வந்தா கம்ப்ரசர். அது பெரிய செலவு.

சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியா கியர் மாறாத ஆட்டோமேட்டிக்) வண்டின்னா அரைமணி நேரமாவது ஓட்டணும். சூடு ஏறினபிறகுதான் நோய் தெரியும். 20-இலிருந்து 40 கி.மீ. வேகத்துல மெதுவா ஆக்சிலேட்டர் அழுத்தும்போது உதறல், சிக்னல்ல நின்னு கிளம்பும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி தயங்குறது, ரெண்டும் இருந்தா வேண்டவே வேண்டாம். ஆயுசுக்கும் சிவிடி ஆயில் மாத்த வேண்டியதில்லைன்னு சொல்றது இந்த வெயிலுக்குச் சரிப்படாது. மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க.

ஐம்பது திர்ஹம் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒண்ணு வாங்கிக்கோங்க. கோளாறு கோடு எதுவும் இல்லைன்னு காட்டினா அதோட நிறுத்தாதீங்க. "ரெடினஸ் மானிட்டர்" பக்கத்தைத் திறங்க, வண்டி தன்னைத் தானே சோதிச்சு முடிச்சுதான்னு அதுல தெரியும். பாதி முழுமையடையலைன்னு காட்டினா, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கோடை அழிச்சிருக்காங்க, இல்லைன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. பேட்டரி புதுசான்னு கேளுங்க. இங்கத்த சூட்டுல பேட்டரி ரெண்டு வருஷம் நின்னாலே பெருசு, அதனால பதில் உண்மையாவும் இருக்கலாம்.

ரோலா_ரவுண்டானா

டயரை விட்டுட்டீங்க. பட்டன் (டயர் மேல இருக்கிற வரி) நல்லா இருக்குன்னு ஏமாந்துடக் கூடாது. பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 2320-ன்னா 2020-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். அஞ்சு வருஷம் தாண்டின டயர் பாஸிங்ல போகாது. நாலும் மாத்தணும்னா அந்தத் தொகையை விலையில கழிச்சுப் பேசுங்க. ஸ்டெப்னி தேதியையும் பாருங்க.

பிரீமியம்_புலி

2014-க்கு முந்தைய ஹோண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா என்று பார்க்கிறவர்களுக்கு ஒன்று. டகாட்டா ஏர்பேக் திரும்பப்பெறல். அந்த இன்ஃப்ளேட்டரில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில்தான் வேகமாகக் கெடும். வெடிக்கும்போது உலோகத் துண்டு முகத்தில் அடிக்கும். வளைகுடாக் கரையோரம் இரண்டுமே தாராளம். மாற்றுவது இலவசம். ஏஜென்சிக்கு சேஸி நம்பரைச் சொல்லிக் கேட்டால் நிலுவை உண்டா என்று சொல்வார்கள். அமெரிக்க வண்டி என்றால் அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைத் தளத்திலும் பாருங்கள்.

அதே போனில் சர்வீஸ் வரலாற்றையும் கேட்டுவிடுங்கள். கடைசியாக எந்தத் தேதி, எத்தனை கி.மீ. 2022-இல் 1,40,000-இல் சர்வீஸ் ஆன வண்டி இன்று 1,12,000 காட்டினால் மேலே பேச ஒன்றுமில்லை.

நெல்லை_டு_தேரா

தனியார் கிட்ட வாங்குறதா, அவீர் பழைய கார் மார்க்கெட்ல கடையில வாங்குறதா? கடைன்னா வாரண்டி தர்றாங்களே.

சத்வாக்காரன்

கடை வாரண்டியைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் "இன்ஜின், கியர், சேஸி" மூன்றுக்கும் மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு. ஏசி, எலக்ட்ரிக்கல், சென்சார் எதுவும் கிடையாது. தகராறு வந்தால் அவர்கள் கராஜில்தான் பார்க்கவேண்டும் என்பார்கள். ஆனால் கடையிடம் ரசீது இருக்கும், டிரேட் லைசென்ஸ் இருக்கும், நுகர்வோர் புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கும். தனியாரிடம் அது கிடையாது. விலை தனியாரிடம் குறையும். கடை விலையில் 5 சதவீத வாட் சேர்ந்ததா இல்லையா என்று முதலிலேயே கேளுங்கள், கவுண்டரில் வந்து சேர்க்கிறவர்கள் உண்டு.

என் அபிப்பிராயம்: ஜிசிசி, ஏஜென்சி சர்வீஸ் ரெக்கார்டு, ஒரே ஓனர், குடும்ப வண்டி என்றால் தனியார். ரெக்கார்டு இல்லாத வண்டியைக் கடையிலும் வாங்க மாட்டேன்.

பர்துபாய்_புதுசு

சேஸி நம்பர் கேட்டேன். "நேர்ல வாங்க, காட்டுறேன்"னு மட்டும் பதில். விட்டுட்டேன். இப்போ ஒரு 2015 கொரோலா 1.6, ஜிசிசி, துபாய் முல்கியா, லோன் இல்லை, ஏஜென்சி ரெக்கார்டு இருக்கு, 27,000 கேட்குறார். 1,68,000 கி.மீ. ஓடியிருக்கு. பேர் மாத்துற அன்னைக்கு எது முன்னே, எது பின்னே?

ரோலா_ரவுண்டானா

1,68,000-ஐப் பார்த்துப் பயப்படாதீங்க. இந்த ஊர்ல வருஷத்துக்கு இருபதாயிரம் சாதாரணம்.

வரிசை இதுதான். ஆய்வு முடிஞ்சு விலை முடிவானதும் ஃபைன் பாருங்க, அவர் அடைக்கட்டும். அடுத்து உங்க பேர்ல இன்சூரன்ஸ் எடுங்க, அது இல்லாம பேர் மாறாது. பாலிசி 13 மாசத்துக்கு இருக்கும், முல்கியா 12 மாசம். அப்புறம் ரெண்டு பேரும் தஸ்ஜீல் மாதிரி பதிவு வசதி இருக்கிற சென்டருக்கு, ஒரிஜினல் எமிரேட்ஸ் ஐடியோட. முதல்ல பாஸிங். அது சரியானதும் கவுண்டர். பேர் மாத்துற கட்டணம் 350, மேல சில்லறைக் கட்டணம். பாஸிங்குக்கு 170 மாதிரி வரும். பிளேட்டை அவரே வச்சுக்கிறாரா, வண்டியோட விடுறாரான்னு அப்போ கேட்பாங்க, வச்சுக்கிறார்னா புது பிளேட் காசு உங்களுது.

பணம்: கவுண்டர்ல டோக்கன் கூப்பிடுற நேரத்துல அவர் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர், இல்லைன்னா மேனேஜர் செக் (பேங்கே எழுதித் தர்ற செக்). வேற பேங்குக்கு அனுப்புறது சில நேரம் உடனே காட்டாது, அவர் சம்மதிக்க மாட்டார். ஒரே பேங்கா இருந்தா வசதி. இல்லைன்னா முந்தின நாளே மேனேஜர் செக் எடுத்துடுங்க, அவரே பேங்குக்குப் போன் பண்ணி உறுதி பண்ணிக்கட்டும்.

பிரீமியம்_புலி

இன்சூரன்ஸில் மூன்று வரி மட்டும் பார்க்கவும்: வெள்ளம் உள்ளிட்ட இயற்கைப் பேரிடர் சேர்ந்திருக்கிறதா, ரிப்பேர் ஏஜென்சியிலா வெளி கராஜிலா (இந்த வயது வண்டிக்கு வெளி கராஜ்தான் கிடைக்கும்), ஓமானுக்கு ஓட்டிப் போக நினைத்தால் ஓமான் நீட்டிப்பு உண்டா.

விற்பவரின் பழைய பாலிசி உங்களுக்கு மாறாது. பெயர் மாறிய சான்றைக் காட்டி அவர் ரத்து செய்தால் மீதி மாதத்துக்குக் கொஞ்சம் திரும்ப வரும். இதை அவரிடம் சொன்னால் விலையில் நூறு இருநூறு இறங்க வாய்ப்புண்டு.

யாழ்_அஜ்மான்

சாலிக்கை மறந்து போகாதேங்கோ. பழைய ஆளின்ர டேக் அவற்ற கணக்கில இருக்கும், அவரை எடுத்துவிடச் சொல்லுங்கோ. உங்கட பேரில புது டேக் 100 திர்ஹம், அதில 50 பாவிக்கிற காசு. டேக் இல்லாமல் கேற்றைத் தாண்டினால் பதிய பத்து வேலைநாள் தருவினம், அதுக்குப் பிறகு தண்டம். இப்ப காலமை 6 தொடக்கம் 10, பின்னேரம் 4 தொடக்கம் 8 ஒரு கேற்றுக்கு 6 திர்ஹம், மற்ற நேரம் 4, விடியப்புறம் 1 தொடக்கம் 6 மட்டும் இலவசம். ஞாயிற்றுக்கிழமை கணக்கு வேற.

பர்துபாய்_புதுசு

வியாழக்கிழமை ஆய்வுக்கு நேரம் வாங்கியாச்சு. டயர் 1919-ன்னு இருக்கு, நாலும். 27,000-ல எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம்?

அல்கூஸ்_ஸ்பேனர்

2019 டயர்னா பாஸிங்லயே நிக்கும், அதனால அது பேரம் இல்லை, அவர் மாத்தித்தான் ஆகணும். அவர் மலிவா எதையாவது போடுறதுக்குப் பதிலா, நாலு டயர் மாத்துற செலவை முழுசாக் கழிக்கச் சொல்லிட்டு நீங்களே நல்லதாப் போட்டுக்கோங்க. மாத்தினபிறகு பாஸிங்குக்கு எடுங்க. மத்ததை ஆய்வு அறிக்கை வந்ததும் இங்க போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் என்ன ஆகும்னு பார்த்துச் சொல்றேன். அறிக்கை கைக்கு வர்றவரைக்கும் விலையைப் பத்தி வாயைத் திறக்காதீங்க.